ரிப்பேர் கடை எப்படி வளர்கிறது?

ஆண்டுதோறும் இந்த மலருக்கு நான் எழுதுவது கல்வெட்டு, நிகண்டு, பழைய உரையாசிரியர்கள் என்று போகும். இந்த முறை மலர்க் குழு அன்பர்கள், "நயினார், நாற்பது வருஷமா லாமிங்டன் ரோட்டில் ஸ்பேர்ஸ் வியாபாரம் பண்றீங்க, அதைப் பத்தி ஒரு வரி எழுதலையே" என்று கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தாராவி, சயன் கோலிவாடா, செம்பூர், முலுண்ட் பக்கங்களில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் நம் சங்கத்திலேயே பல உண்டு. அந்தக் கடைகளில் சில வளர்ந்து பெரிதாகின. பல மூடப்பட்டன. மிச்சமிருப்பவற்றில் அப்பா "நடத்துடா" என்கிறார், மகன் "மூடிடலாம்ப்பா" என்கிறான். இரண்டு பேரும் தனித்தனியாக என் கடைக்கு வந்து, "நீங்களே சொல்லுங்க நயினாரய்யா" என்று நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் மெக்கானிக் இல்லை. சால்டரிங் அயர்னைப் பிடித்துப் பிழைத்தவன் இல்லை. கண்டென்சர், டிரான்சிஸ்டர், ஐ.சி. விற்பவன். ஆனால் உதிரி பாகம் விற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. யார் என்ன வாங்குகிறார், எத்தனை வாங்குகிறார், எப்போது பணம் தருகிறார் என்ற மூன்றையும் வைத்து, ஒரு கடைக்குப் போகாமலே அதன் நாடியைப் பார்த்துவிடலாம். வைத்தியருக்கு நாடி, எனக்குப் பஹி. இந்தச் சிவப்புக் கணக்குப் புத்தகத்தை எழுதக் கற்றது பக்கத்துக் கடை குஜராத்தி சேட்டிடம். தீபாவளிக்குச் சோப்டா பூஜை போடும் அவர், நானும் ஜைனன் என்றதும், "மார்வாடியா, குஜராத்தியா?" என்று கேட்டார். வந்தவாசிப் பக்கம் நெல் விளைவித்த தமிழ்க் குடும்பம் என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு கடன் கொடுத்தார், அது வேறு கதை.

லாமிங்டன் ரோடு என்பது 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர். இப்போது டாக்டர் பட்கம்கர் மார்க் என்று அரசு பெயர் வைத்திருக்கிறது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் என்றால் பழைய பெயர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிப்பேர் கடை வைப்பவர் எல்லோரும் போடும் கணக்கு, "நிறைய செட் வந்தால் நிறைய காசு" என்பது. அதைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, யாருடைய கடைக் கணக்கும் அல்ல.

ஒரு மெக்கானிக் ஒரு நாளில் 6 செட் முடிக்கிறார். செட்டுக்குக் கூலி 300 ரூபாய். நாளுக்கு 1,800. மாதம் 25 நாள் வேலை, 45,000. கடை வாடகை 15,000, கரண்ட்டும் போனும் 3,000, கைப்பிள்ளைக்கு 10,000. போக, மிச்சம் 17,000. இப்போது ஆறில் ஒரு செட் சரியாகாமல் திரும்பி வருகிறது என்று வையுங்கள். திரும்பி வந்ததற்குக் கூலி கேட்க முடியாது. ஆனால் அது அன்றைய ஆறில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூலி கிடைப்பது 5 செட்டுக்குத்தான். மாதம் 37,500. செலவு அதே 28,000. மிச்சம் 9,500. ஆறில் ஒன்றுதான் கெட்டது, வருமானத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைய போய்விட்டது. கடை நிறைய செட் அடுக்கியிருக்கும், முதலாளி ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார், வீட்டில் அரிசிக்குக் கஷ்டம் இருக்கும். இப்படிப்பட்ட கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. அவசரத்தில், எரிந்த பாகத்தை மாற்றினார்களே தவிர எரித்ததைத் தேடவில்லை.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், பழைய டி.வி. மெக்கானிக்குகளுக்கு உடனே புரியும். 1982 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷன் கலரில் வந்தது, அதே நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டு. அதன்பின் 1987-இல் ராமாயணம் தொடர். இந்த ஐந்தாறு வருஷத்தில் டி.வி. இல்லாத வீட்டுக்கும் டி.வி. வந்தது. அந்தக் கலர் செட்டுகள் பலவற்றில் பி.யூ. 208 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் இருக்கும். செட் செத்துப்போனது என்றால் பாதி நேரம் இதுதான் ஷார்ட் ஆகியிருக்கும். மாற்றினால் செட் எழுந்துவிடும். ஆனால் அது ஏன் செத்தது? பிக்சர் டியூபுக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும் எல்.ஓ.டி. டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே சூடாகிக்கொண்டிருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதன் கால்களைச் சுற்றியுள்ள ஈயத்தில் மயிரிழை போல வட்டமாய் விரிசல் விடும். இதைத்தான் டிரை சால்டர் என்பார்கள். அந்த விரிசலில் தொடர்பு விட்டுவிட்டு வரும்போது பி.யூ. 208 மீது அடி விழுகிறது. டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றி அனுப்பினால் பதினைந்து நாளில் செட் திரும்ப வரும். இரண்டு நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்து அந்தக் கால்களை மறுபடி பற்றவைத்திருந்தால் வராது.

என் பஹியில் இது எப்படித் தெரியும் என்றால், வாரம் பத்து பி.யூ. 208 வாங்கி ஈயம் மட்டும் வாங்காத கடைக்காரர் சில வருஷத்தில் கடையை மாற்றுவார். இதைச் சொல்லிச் சிலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இதற்கு நேர்மாறாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒரு தம்பி. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. 1986-இல் தாராவியில் ஒரு தையற்கடை வாசலில் மேசை போட்டு ஆரம்பித்தார். அவரிடம் இருந்தது ஒரு மல்டிமீட்டர், ஓர் அயர்ன், ஒரு நூறு பக்க நோட்டு. நோட்டில் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு வரி: கம்பெனி, மாடல், என்ன புகார், என்ன கண்டுபிடித்தது, என்ன மாற்றியது, திரும்பி வந்ததா. அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அந்த நோட்டே அவருக்கு வாத்தியார் ஆகிவிட்டது. இந்த மாடலில் செங்குத்துக்கோடு போனால் இந்த ஐ.சி., அந்த மாடலில் மழைக்காலத்தில் இந்தக் கண்டென்சர் என்று மறுபடி மறுபடி வருவது கண்ணுக்குத் தெரிந்தது. மழைக்கு முன்பே என்னிடம் வந்து, இருபதாக முப்பதாக வாங்கி வைத்துக்கொள்வார். மற்றவர்கள் பழுதைக் கண்டுபிடித்த பிறகு ரயிலேறி ஸ்பேர்ஸ் வாங்க வருவார்கள். அதற்குள் ஒரு நாள் போய்விடும். இவர் காலையில் வாங்கிய செட்டைச் சாயங்காலம் கொடுத்தார். கூலியை உயர்த்தாமலே அவரது வருமானம் ஏறியது இப்படித்தான். செட் கடையில் தூங்கினால் காசும் தூங்கும் என்று அவரே சொல்வார்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. இரண்டு தகர டப்பா. ஒன்றில் கூலி, ஒன்றில் ஸ்பேர்ஸ் காசு. முன்பு போட்ட கணக்கையே தொடர்ந்தால் இதன் அருமை தெரியும். செட்டுக்கு 200 ரூபாய்க்குப் பாகம் வாங்கி 250-க்குப் போடுகிறார் என்றால், மாதம் 150 செட்டுக்கு ஸ்பேர்ஸாக மட்டும் 37,500 கல்லாவில் விழும். கூலி 45,000-ஐயும் சேர்த்தால் 82,500. பார்ப்பவருக்குப் பெரிய வருமானம். ஆனால் அதில் 30,000 என்னைப் போன்ற கடைக்காரனுடையது. ஒரே கல்லாவில் போட்டுவைத்தவர்கள் அந்த முப்பதாயிரத்தை ஊர்த் திருவிழாவுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் எடுத்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் உதாரி கேட்டு வருவார்கள், அதற்கடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார்கள், பிறகு எந்தக் கடையிலும் உதாரி கிடைக்காது. ஸ்பேர்ஸ் இல்லாத மெக்கானிக் வண்டி இல்லாத டிரைவர்.

வேலைக்கு ஆள் வைத்தால் கடை வளருமே என்பீர்கள். வளரும், இரண்டு வருஷம். வேலை கற்ற பையன் எதிர்வரிசையில் தனிக்கடை போடுவான், தன்னிடம் வந்துகொண்டிருந்த பத்து வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு. இதைத் துரோகம் என்று திட்டுபவர்கள், தாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் வெளியே வந்தோம் என்பதை மறந்துவிடுவார்கள். தாராவித் தம்பி இதை வேறு மாதிரி கையாண்டார். வெளியே போகும் பையனுக்கு அவரே என்னிடம் சிபாரிசு செய்து ஸ்பேர்ஸ் கடன் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன்கள் தங்களால் முடியாத செட்டுகளை இவரிடமே கொண்டுவந்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் இவர் மற்ற மெக்கானிக்குகளுக்கு மெக்கானிக் ஆகிவிட்டார். பொதுமக்களிடம் பேரம் பேச வேண்டாம், வீட்டுக்கு வீடு ஏற வேண்டாம், போர்டு மட்டும் வரும், போகும். ரிப்பேர் தொழிலில் நான் பார்த்த பெரிய படி இதுதான்.

மற்றொரு படி, தானே ஒரு பொருளைச் செய்வது. எண்பதுகளில் டேப் ரெக்கார்டருக்குப் பேட்டரி வாங்கி மாளாது. ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், நாலு டையோடு, ஒரு கண்டென்சர், ஒரு டப்பா. எலிமினேட்டர் தயார். ரிப்பேர் குறைந்த நாட்களில் கடைக்காரர்கள் இதைச் செய்து அடுக்கினார்கள். பிறகு ஸ்டெபிலைசர், ஆன்டெனா பூஸ்டர். கொச்சியில் 1977-இல் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி ஒரு லட்சம் ரூபாய் முதலில் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கியதுதான் இன்றைய வி-கார்டு. அவர் ரிப்பேர் கடைக்காரர் இல்லை, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆனால் கரண்ட் ஏறி இறங்கி வீட்டுப் பொருள் கெடுகிறது என்பது நம் ஊர் மெக்கானிக் ஒவ்வொருவருக்கும் தெரிந்த சேதி. தெரிந்தவர் ஆயிரம், செய்தவர் சிலர்.

உண்மையிலேயே ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்துப் பெரிதானதற்கு உலகம் அறிந்த சாட்சி ஜப்பானில் இருக்கிறது. 1945-இல் போர் முடிந்த கையோடு, மசாரு இபுகா என்ற பொறியாளர் டோக்கியோவின் நிஹோன்பாஷியில், ஷிரோகியா என்ற பெரிய ஜவுளி அங்காடியின் மூன்றாம் மாடியில் ஓர் அறை பிடித்தார். குண்டுவீச்சில் அடிபட்ட நகரம். வீடுகளில் கெட்டுப்போன ரேடியோக்கள். போர்க்காலத்தில் சிற்றலை கேட்கத் தடை இருந்ததால், சிற்றலைப் பகுதியைத் துண்டித்துவைத்த ரேடியோக்களும் இருந்தன. இபுகாவும் கூட்டாளிகளும் ரிப்பேர் செய்தார்கள். அதோடு, சாதாரண ரேடியோவில் சிற்றலை கேட்க ஒரு இணைப்புக் கருவியைச் செய்து விற்றார்கள். அதைப் பற்றி அசாஹி ஷிம்பூன் நாளிதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பழைய நண்பர் அகியோ மொரிட்டா கடிதம் எழுதி வந்து சேர்ந்தார். 1946 மே 7-ஆம் தேதி, 1,90,000 யென் முதலில், இருபது பேர் அளவில் ஒரு கம்பெனி பதிவானது. மரத்தொட்டியில் மின்சாரச் சோறு ஆக்கும் கருவி ஒன்று செய்து பார்த்தார்கள். சோறு குழையும் அல்லது வேகாது. விற்கவில்லை. 1950-இல் டேப் ரெக்கார்டர், 1955-இல் டிரான்சிஸ்டர் ரேடியோ. 1958-இல் கம்பெனியின் பெயரை சோனி என்று மாற்றினார்கள்.

இதைச் சொன்னால் நம் பிள்ளைகள், "அவங்க ஜப்பான்காரங்க மாமா" என்று சிரிக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. அந்த மூன்றாம் மாடியில் ரிப்பேர் கூலி அன்றாடச் செலவுக்கு உதவியது. வந்து போன ஜனங்களுக்கு என்ன இல்லை என்பது அந்த மேசையில்தான் தெரிந்தது. சிற்றலைக் கருவி அங்கே பிறந்தது. சோறாக்கும் கருவியை யாரும் மேசையில் வந்து கேட்கவில்லை.

கம்பெனிகளின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் எடுப்பது பலருக்குக் கனவு. போர்டு பெரிதாக மாட்டலாம், பெண் கொடுப்பார்கள். வாரண்டி வேலைக்குக் கம்பெனி நிர்ணயித்த தொகைதான் வரும், அதுவும் பில் அனுப்பிய பிறகு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு கம்பெனி எட்டு மாதப் பாக்கி வைத்தது. அவர் அந்த எட்டு மாதமும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். கையில் ஆறு மாதச் செலவு இல்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

2005 ஜூலை 26-ஐ மும்பைக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லா, கலினா, சயன் எங்கும் வீட்டுக்குள் தண்ணீர். அடுத்த இரண்டு மாதம் ரிப்பேர் கடைகளில் நிற்க இடமில்லை. வெள்ளத்தில் நனைந்த போர்டை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் வேறு, தெரியாதவர்கள் வேறு என்று அப்போது பிரிந்தது. தெரியாதவர்கள் வெயிலில் காயவைத்து சுவிட்ச் போட்டார்கள், உள்ளே சாக்கடை உப்பு அப்படியே இருந்ததால் புகைந்தது. தெரிந்தவர்கள் முதலில் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, பிறகு ஸ்பிரிட்டில் கழுவி, டிரான்ஸ்பார்மரைத் தனியே எடுத்து நிதானமான சூட்டில் ஈரம் போக்கி, அதன் பிறகே கரண்ட் கொடுத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் பெற்ற பெயரை வைத்து அடுத்த பத்து வருஷம் ஓட்டிய கடைகள் உண்டு. ஊரே கஷ்டப்பட்டபோது கூலியை இரட்டிப்பாக்கிய கடைகளையும் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

பெரும்பாலான கடைகள் மூடப்பட்டது எப்போது என்று என் பஹியைப் புரட்டினால், 2006 தொடங்கி அடுத்த பத்து வருஷம். காரணம் எல்லோரும் சொல்வதுபோல "இப்ப யாரும் ரிப்பேர் பண்றதில்லை" என்பது மட்டுமில்லை. 2006-இல் ஐரோப்பாவில் மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. உலகத்துக்கே செய்யும் தொழிற்சாலைகள் காரீயம் இல்லாத சால்டருக்கு மாறின. பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும். புதியது 217 டிகிரிக்கு மேல். பழைய 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு நம்ம மெக்கானிக் அழுத்தி அழுத்திப் பார்த்தார், போர்டின் செம்புத்தடமே உரிந்து வந்தது. பாகங்களும் அரிசிக் குருணை அளவுக்குச் சிறுத்துவிட்டன. சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன், சூடான காற்று ஊதும் கருவி, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஆகிய மூன்றையும் வாங்கியவர்கள் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் மாறினார்கள். "முப்பது வருஷ அனுபவம் இருக்கு" என்றவர்கள் நின்றுவிட்டார்கள். எல்.இ.டி. டி.வி.யில் உள்ளே விளக்குப் பட்டையில் ஒரு மணி போனால் சரம் முழுதும் அணையும், அதை மாற்றலாம். பேனல் உடைந்தால் மாற்றும் செலவு புது டி.வி.யை நெருங்கும். "இது வேண்டாம், புதுசு வாங்கிக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்லும் கடைக்கு அதே வீட்டிலிருந்து மிக்ஸியும் இண்டக்ஷன் அடுப்பும் வரும்.

சட்டமும் இப்போது கொஞ்சம் திரும்பிப் பார்க்கிறது. 2022 டிசம்பர் 24-இல் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது. உதிரி பாகம், கையேடு, வாரண்டி விவரங்களைக் கம்பெனிகள் அதில் தர வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லது. என் கடைக்கு வருகிறவர்கள் இன்னும் சர்க்யூட் படத்தைக் கையிலிருந்து கைக்குத்தான் வாங்குகிறார்கள். கெட்ட போர்டுகளைக் காயலான்கடைக்குப் போடாமல் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கவேண்டும் என்ற விதிகள் 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்பட்டுள்ளன. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆபீஸ் வேலை எடுக்க நினைத்தால் அவர்கள் அந்த நம்பரைக் கேட்பார்கள், பதிந்துகொள்வதே நல்லது.

ஒரு சொல்லாராய்ச்சி இல்லாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும் இடத்தில், கன்னார், கொல்லர், தச்சரோடு துன்னகாரரும் வருகிறார்கள். துன்னம் என்றால் தைப்பு, விட்டுப்போனதைச் சேர்ப்பது. புதிதாகச் செய்பவரோடு சேர்த்துப் பொருத்துபவரையும் ஒரே வரிசையில் வைத்த நகரம் அது. மும்பையில் பெண் பார்க்கப் போகும்போது "ரிப்பேர் கடை" என்று சொல்ல நம் பையன்கள் கூசுகிறார்கள், "சர்வீஸ் இன்டஸ்ட்ரி" என்கிறார்கள்.

அப்பாவுக்கும் மகனுக்கும் நான் கேட்கும் கேள்விகள் மூன்று. கடையில் நோட்டு இருக்கிறதா? சென்ற வருஷம் திரும்பி வந்த செட் எத்தனை? உங்களால் முடியாததை எந்தக் கடைக்கு அனுப்புகிறீர்கள்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், மகன் சொல்வதே சரி, மூடிவிட்டு அந்தக் காலாவை வாடகைக்கு விடலாம். பதில் இருந்தால், அடுத்து என்ன பொருள் ஊரில் பெருகுகிறது என்று பார்க்கவேண்டும். இப்போது என் கடையில் அதிகம் போவது இன்வெர்ட்டர் ஏ.சி. போர்டுக்கான சாமான்கள். வெளிச்சுவரில் மாட்டிய யூனிட்டுக்குள் கடல் உப்புக்காற்று புகுந்து போர்டு அரிக்கிறது, வெதுவெதுப்புக்குப் பல்லி உள்ளே ஏறி இரண்டு தடங்களைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. சமணனான எனக்கு இதை எழுதவே சங்கடம், ஆனால் உண்மை. கம்பெனியில் கேட்டால் முழு போர்டையும் மாற்றச் சொல்வார்கள். போர்டில் கெட்ட ஒரு பாகத்தை மட்டும் கண்டுபிடித்து மாற்றத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் போதவில்லை.

தாராவித் தம்பிக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது. மகன் டிப்ளமோ முடித்துவிட்டு அந்த வேலையைத்தான் செய்கிறான். கல்யாண், வசாயிலிருந்தெல்லாம் மெக்கானிக்குகள் போர்டைப் பையில் போட்டு லோக்கல் ரயிலில் கொண்டுவருகிறார்கள். நோட்டு செல்போனுக்குள் போய்விட்டது, ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு படம், கீழே ஒரு வரி. போட்ட பாகத்தின் மேல் பல்லி ஏறாமல் ஒரு மெழுகு பூசி அனுப்புகிறான். அந்த மெழுகையும் என்னிடம்தான் வாங்குகிறான், மாதக் கடைசியில் தவறாமல் கணக்கு தீர்த்துவிடுகிறான்.